பண்டாரவன்னியன் கைக்கொண்ட பீரங்கி

திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் என் மாணாக்கருள் ஒருவரேனும் வாய்க்குள் நகைப்பதுண்டு. மழையைப் போற்றும் அவ்வதிகாரத்தின் இரண்டாம் பாட்டில் துப்பாக்கி என்னும் ஒலி காதில் விழுகிறது. வள்ளுவர் காலத்திலும் துவக்கு இருந்ததோ என்று குறும்பன் ஒருவன் வினவுவான். அது துப்பு, ஆக்கி எனப் பிரியும் தொடர் என்றும், உணவை உண்டாக்கி என்பதே அதன் பொருள் என்றும் யான் விளக்குவேன். படைக்கருவியைக் குறிக்கும் துப்பாக்கியோ துருக்கி நாட்டுச் சொல்லொன்றின் வழியில் பல நாடுகளைக் கடந்து நம்மிடம் வந்தது. வன்னியில் நாம் வழங்கும் துவக்கு என்பதும் அதே வேரின் மற்றொரு கிளையே. பீரங்கி என்பது பரங்கி என்னும் பெயரின் உறவு. ஐரோப்பியருக்கு இட்ட பெயர் அவர்தம் கருவிக்கும் ஆகிவந்தது. ஒரு பொருள் நம்மிடை வந்த வழியை அதன் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்விளக்கத்தை முடித்து அமர்ந்த வேளையில் ஒரு மாணவி எழுந்தாள். மாவீரன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை வென்று பீரங்கியையும் கைப்பற்றினான் என்று முன்னொரு நாள் யான் கூறியதை நினைவூட்டினாள். பீரங்கி கையில் இருந்தும் இரண்டு மாதம் கடந்தவுடனேயே அவன் தோற்றது எவ்வாறு என்று கேட்டாள். காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தமையால் என்று, நாட்டில் வழங்கும் கதையை விடையாகத் தந்தேன். காட்டிக்கொடுத்தவன் பீரங்கியையும் உடன் தூக்கிக்கொண்டு போனானா ஐயா என்று அவள் மறுபடியும் கேட்டாள். வகுப்பு முழுதும் சிரித்தது. யானும் சிரித்தேன், ஆயின் என்னிடம் விடை இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வீரனின் கதையைச் சொல்லி வந்தவன், அக்கதையின் நடுவே நின்ற பீரங்கியை ஒரு நாளும் உற்று நோக்கவில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று. அந்நாள் தொட்டுத் தேடிக் கற்றவற்றை அவன் வரலாற்றோடு சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன் என்பது அவனது முழுப்பெயர். வன்னியின் இறுதித் தமிழ்த் தலைவன் அவன். அவனுக்கு முற்பட்ட வன்னிமைகள் பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை, கருநாவல்பற்று, மேல்பற்று, தென்னமரவாடி எனப் பல பற்றுகளாய் விளங்கின. காடும் குளமும் வயலுமாகிய அந்நிலத்தின் பெருஞ்செல்வம் யானை. யாழ்ப்பாணத்தை ஆண்டவர் எவராயினும் வன்னியரிடம் திறையாகக் கேட்டது யானையையே. குடாநாட்டிற்கு அவை கடத்திச் செல்லப்பட்ட இறக்கம் இன்றும் ஆனையிறவு எனப் பெயர் தாங்கி நிற்கிறது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை அழித்தனர். அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தர் நெடுங்காலம் வன்னியரைத் திறை கட்டும் தலைவராகவே விட்டுவைத்தனர். திறை தவறிய போதெல்லாம் பிணக்கு நிகழ்ந்தது. இறுதியில் 1782இல் படை செலுத்தி வன்னிமைகளை ஒடுக்கித் தம் நேராட்சியின் கீழ்க் கொண்டுவந்தனர். அவர்களுள் தோமசு நாகெல் என்னும் அதிகாரி முல்லைத்தீவிலிருந்து வன்னியை ஆண்டு, 1793இல் இந்நாட்டைப் பற்றிய குறிப்பொன்றும் எழுதினான். பின் 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் முல்லைத்தீவையும் அடுத்தடுத்துக் கைக்கொள்ள, மறு ஆண்டில் கொழும்பும் வீழ்ந்தது. ஆட்சி கைமாறியதே அன்றி வன்னியர் இழந்த உரிமை மீளவில்லை. அவ்வுரிமையை மீட்பதே பண்டாரவன்னியனின் வாழ்க்கைப் பணியாயிற்று.

அவனுக்கு வாய்த்த காலம் 1803ஆம் ஆண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் என்பவன் கண்டியின்மேல் படையனுப்பித் தலைநகரைப் பிடித்தான். ஆயின் நோயும் பசியும் அப்படையை அரித்தன. யூன் 24ஆம் நாள், மேஜர் டேவி என்பவனின் கீழிருந்த படை கண்டியரிடம் பணிந்து, பின்னர் அழிவுற்றது. மலைநாட்டில் ஆங்கிலேயர் பட்ட அடி தீவெங்கும் எதிரொலித்தது. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் துணை பண்டாரவன்னியனுக்குக் கிட்டியது. ஆகஸ்ட் 25ஆம் நாள் அவன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கே காவலிருந்த படையின் தலைவன் வொன் டிரிபேர்க் என்பவன், எஞ்சியோருடன் தோணிகளில் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பியோடினான். வன்னிப் படை வடக்கே ஆனையிறவு வரையும் சென்றது. கோட்டையில் கைப்பற்றிய பீரங்கி அவ்வெற்றியின் அடையாளமாக இன்றும் எம் மக்கள் நினைவில் நிற்கிறது. ஆகஸ்ட் 25 வெற்றி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவ்விடத்தில் யான் செய்த பிழையொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். வாளும் வேலும் அன்றி வேறறியாத வீரர் வெடிமருந்துடைய பகைவரை எதிர்த்தனர் என்றே யான் மேடைகளில் முழங்கி வந்தேன். கேட்போர் உள்ளம் உருகும். ஆனால் அஃது உண்மையன்று. போர்த்துக்கேயர் இத்தீவில் 1505ஐ ஒட்டி வந்திறங்கிய பின் ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே இங்குள்ள கொல்லர் துவக்குச் செய்யக் கற்றுக்கொண்டனர். அவர்தம் திறமையைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரே வியந்தனர். கண்டிக் கொல்லர் செய்த துவக்குகளில் வெடிக்கும் பொறி இடப்புறத்தே அமைந்திருக்கும். அடிக்கட்டையில் தந்தமும் வெள்ளியும் பதிந்திருக்கும். லேவுகே திசாவை கண்டி மன்னனுக்கு அளித்த சிறு பீரங்கி பொன்னும் வெள்ளியும் மணியும் பதித்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது கொண்டு சென்ற அது, 2023இல் நெதர்லாந்து நாட்டிலிருந்து இலங்கைக்கு மீண்டது. ஆதலின் பண்டாரவன்னியனோ அவனுக்குத் துணைநின்ற கண்டியரோ வெடிமருந்தைக் கண்டு மருண்டவரல்லர். இருதரத்தாரிடமும் துவக்கு இருந்தது. வேறுபாடு துவக்கின் பின்னே இருந்தவற்றில்தான் இருந்தது.

அவ்வேறுபாட்டை உணர்வதற்குத் துவக்கு வளர்ந்த வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. வெடிமருந்து சீனர் கண்டது. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை உடையது. ஐரோப்பாவில் பீரங்கி தோன்றியது பதினான்காம் நூற்றாண்டில். ஒருவர் கையில் ஏந்திச் சுடும் திரித்துவக்கு பதினைந்தாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. எரியும் திரியொன்றை வில்விசை போன்ற கொக்கி மருந்துக் கிண்ணத்தில் தாழ்த்த, உள்ளிருக்கும் மருந்து பற்றி வெடிக்கும். திரி எப்போதும் எரிந்துகொண்டிருத்தல் வேண்டும், இரவில் அதன் கங்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும், மழையில் அவிந்துபோம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரிக்கு மாற்றாகச் சிக்கிமுக்கிக்கல் வந்தது. விசையை இழுத்தவுடன் கல் எஃகில் உரசித் தீப்பொறி உதிர்க்கும். ஆங்கிலப் படையினர் ஏந்தியது இவ்வகைத் துவக்கே. பயின்ற ஒருவன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான். ஆயினும் ஐம்பது அறுபது யாருக்கு அப்பால் குறி நிச்சயமன்று. எனவேதான் பலர் அணிவகுத்து ஒருமிக்கச் சுடும் முறை அவர்களிடம் வளர்ந்தது.

இதனை யான் நூலில் மட்டும் கற்றவனல்லேன். என் பாட்டனாரிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. பன்றியும் யானையும் வயலில் இறங்கும் காலத்தில் காவற்குடிலுக்கு அதனைக் கொண்டு செல்வார். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பைத் திணித்துக் கம்பியால் இடிப்பார்; பின் சன்னங்களை இட்டு, மறுபடியும் தும்பை வைத்து இடிப்பார். இடித்துக் கெட்டிப்பதனால் அது இடியன் ஆயிற்று என்று அவரே சொல்வார். ஒரு வெடி தீர்ந்து மறு வெடிக்கு அது ஆயத்தமாகும் முன் பன்றிக் கூட்டம் மறைந்துவிடும். மாரிக்கால இரவுகளில் மருந்துக் குடுவையை மெழுகு பூசிய துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டே உறங்குவார். துவக்கைக் காட்டிலும் மருந்தையே அவர் கண்ணெனக் காத்ததன் காரணம் சிறுவனாகிய எனக்கு அன்று விளங்கவில்லை.

மாணவி கேட்ட வினாவுக்கு விடை அந்த மருந்துக் குடுவையில்தான் இருந்தது. வெடிமருந்து என்பது நூறு பங்கில் ஏறத்தாழ எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து பங்கு கரி, பத்துப் பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. கரிக்கு வன்னிக் காட்டில் குறைவில்லை. வெடியுப்பைக் கண்டி நாட்டு மலைக்குகைகளின் மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தனர். 1821இல் வெளிவந்த தம் நூலில் ஜோன் டேவி என்னும் மருத்துவர் அக்குகைகளைப் பற்றி எழுதியுள்ளார். கந்தகமோ இத்தீவில் விளைவதன்று. கடல் கடந்தே வரல் வேண்டும். குண்டு வார்க்கும் ஈயமும் அவ்வாறே. துறைமுகங்கள் அனைத்தும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. ஆகவே காட்டுநாட்டுத் தலைவன் ஒவ்வொரு வெடி தீரும்போதும் திரும்பப் பெற அரிய ஒன்றைச் செலவிட்டான். அவன் பகைவனோ வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் வழியே வேண்டுமட்டும் பெற்றான்.

பீரங்கிக்கு இந்நெருக்கடி பன்மடங்கு. ஆறு இறாத்தல் குண்டு எறியும் சிறு களப்பீரங்கியும் ஒருமுறை வெடிப்பதற்கு ஒன்றரை இறாத்தல் மருந்தாவது விழுங்கும். அதன் குழல் மட்டுமே முந்நூறு கிலோகிராம் அளவு நிறையுடையது. அதனை ஏற்றிய வண்டியை இழுக்க மாடுகளோ குதிரைகளோ வேண்டும்; அவை செல்லப் பாதை வேண்டும். குழலுக்குப் பொருந்திய அளவில் வார்த்த குண்டுகள் வேண்டும். குழலை ஈரத்துணியால் துடைப்பவன், மருந்திடுபவன், இடிப்பவன், தீ வைப்பவன் என ஒருவர்பின் ஒருவர் தாளம் தவறாது இயங்கும் பயின்ற ஆட்கள் வேண்டும். துடைப்பவன் உள்ளே ஒரு கங்கை விட்டுவிட்டால் அடுத்த மருந்து இடுபவனையே கொன்றுவிடும். இவ்வளவையும் சேர்த்தே பீரங்கி என்று பெயர். முல்லைத்தீவில் நம் வீரர் கைக்கு எட்டியது அதன் உலோக உடல். அதன் உயிராகிய ஏற்பாடு கடலுக்கு அப்பால் கிடந்தது.

ஆங்கிலேயர் வாளாவிருக்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் வன்னியை நோக்கிப் புறப்பட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், முன்பு தோணியேறித் தப்பிய அதே டிரிபேர்க். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுப் பகுதியில் 1803 அக்டோபர் 31ஆம் நாள் அவன் பண்டாரவன்னியனின் படையை எதிர்பாரா வகையில் தாக்கித் தோற்கடித்தான். வடகீழ்ப் பருவமழை வன்னியில் இறங்கும் காலம் அது. மருந்தை உலர்வாக வைத்திருத்தலே ஒரு போராட்டமாகும் பருவம். கடலும் மூன்று கோட்டைகளும் பின்னே நிற்கப் போரிட்டவர்க்கும், காட்டையும் தம் தோளையும் மட்டும் நம்பிப் போரிட்டவர்க்கும் இடையிலான போர் இவ்வாறு முடிந்ததில் வியப்பில்லை. இரண்டு மாதம் அவன் வன்னியைத் தன்வசம் வைத்திருந்ததே வியப்புக்குரியது.

ஆங்கிலேயர் தம் ஆட்சியில் அவ்விடத்தே ஒரு நினைவுக்கல் நாட்டி, டிரிபேர்க்கின் வெற்றியை அதில் பொறித்தனர். வென்றவன் புகழுக்காக நாட்டிய கல்லே, தோற்றவன் பெயரை நூறாண்டுக்கு மேல் காத்து நமக்குத் தந்தது. அவன் அன்றே அக்களத்தில் மாண்டான் என்பது மக்கள் வழக்கு. அன்று தப்பிய அவன் மீண்டும் கண்டியரோடு சேர்ந்து போராடினான் என்றும், 1811இல் உடையாவூரில் நிகழ்ந்த சண்டையில் புண்பட்டுப் பனங்காமத்தில் உயிர் நீத்தான் என்றும் ஆங்கிலேயர் பதிவுகளைக் கொண்டு ஆய்வாளர் கூறுவர். இவ்விரண்டாம் கூற்று அவன் பெருமைக்கு இழுக்கென்று கருதுவார் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. ஒரு நாளில் வீழ்ந்த வீரனைக் காட்டிலும், தோல்விக்குப் பின்னும் எட்டாண்டு தன் நோக்கத்தை விடாது காட்டில் அலைந்தவன் எனக்குப் பெரியவனாகவே தோன்றுகின்றான். முல்லைமணி அவர்களின் நாடகமும் கலைஞர் மு. கருணாநிதி அவர்களின் புதினமும் அவனைத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தன. வவுனியா நகரில் மாவட்டச் செயலகத்தை அடுத்து அவன் சிலை நிற்கிறது. இவையெல்லாம் அவன் வீரத்துக்கு நாம் செய்த நன்றி. அவன் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டோமா என்பதே வேறு வினா.

அவன் காலத்தில் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மைசூர் அரசர் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழலில் மருந்தடைத்த எறிகணைகளைப் படையில் பெருக்கினர். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780இல் ஆங்கிலப் படை பெருந்தோல்வி கண்டது. அப்போரில் மைசூராரின் எறிகணைகளும் பங்குகொண்டன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அவ்வெறிகணைகள் பல ஆங்கிலேயர் கையில் சிக்கின. அவற்றை அவர்கள் வெற்றிச் சின்னமாக வைத்து மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. இலண்டனை அடுத்த வூலிச்சிலுள்ள படைக்கலச் சாலையில் அவற்றைக் கழற்றினர், அளந்தனர், எரித்துப் பார்த்தனர். 1804ஐ ஒட்டி வில்லியம் கொங்கிரீவ் என்பவர் அவற்றைத் திருத்தி அமைக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஐரோப்பியப் போர்களில் அவை பறந்தன. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு தரத்தார் பகைவரின் கருவியைக் கைப்பற்றினர். ஒருவர்க்கு அது பாடமாயிற்று. மற்றவர்க்கு அது சுமையாயிற்று. அறிவில் ஏற்றத்தாழ்வு இருந்தமையால் இவ்வாறு நேர்ந்தது என்று யான் சொல்லேன். மணிபதித்த பீரங்கி செய்த கை இத்தீவில் இருந்தது. ஆயின் அக்கை அரண்மனைக்கு ஓர் அரும்பொருள் செய்தது. ஒரே அளவில் ஆயிரம் துவக்குச் செய்யும் பட்டறையாக அது வளரவில்லை. பேர்மிங்ஹாம் நகரில் குழல் செய்பவன் ஒருவன், பொறி அராவுபவன் ஒருவன், கட்டை செதுக்குபவன் ஒருவன் எனத் தொழில் பிரிந்து, ஒருவன் அறிந்தது மற்றவனுக்குச் சென்று சேர்ந்தது. நம்மவரிடம் தந்தை அறிந்தது மகனுக்கு மட்டும் சென்றது; அல்லது அவனோடு மறைந்தது.

இதனை எழுதும் எனக்குப் படைக்கருவியின்மேல் காதல் இல்லை. 2009இல் முடிந்த போரை முழுதும் கண்டவன் யான். எம் ஊர்களில் உழுத மண்ணில் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணக் கற்ற பிள்ளைகளுக்குத் தமிழ் எண்களைக் கற்பித்தவன் யான். துவக்கின் பெருமை பேசுவோர் நடுவே வாழ்ந்து களைத்தவனுக்கு, அதன் வரலாற்றை வகுப்பில் சொல்லவும் தொடக்கத்தில் தயக்கமாகவே இருந்தது. ஆயின் ஒன்றைப் போற்றுவதும் அஞ்சுவதும் அன்றி அறிவது என மூன்றாவது வழியொன்றும் உண்டு. அம்மாணவி கேட்டது அவ்வழியில் நின்று கேட்ட வினா. கையில் வந்த ஒன்றை ஆக்கிய அறிவு எது, அஃது எங்கே இருந்தது, நம்மிடம் ஏன் இல்லை என்று கேட்பவர்க்குப் பீரங்கி மட்டுமன்று, உழுபொறியும் கணினியும் மருந்தும் ஒரே பாடத்தையே சொல்லும்.

இப்போது ஆகஸ்ட் மாதந்தோறும் பண்டாரவன்னியன் நினைவுப் பேச்சுக்கு மாணாக்கர் எழுதிவரும் உரைகளை யான் திருத்தும்போது, வாளும் வேலும் மட்டுமே ஏந்தியவன் என்னும் வரியைச் சிவப்பு மையால் அடித்துவிடுகின்றேன். அந்த இடத்தில் கந்தகம் எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுக்கின்றேன். சிலர் முகஞ்சுளிப்பர். ஓரிருவர் மறுநாள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தோடு வருவர். அவ்வோரிருவருக்காகவே அந்தக் கேள்வியை ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருக்கின்றேன்.